மகாதமனி வீக்கத்தின் வடிவமும் ஸ்டென்ட் கிராஃப்ட் வடிவமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று மகாதமனியில் வீக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர், மருத்துவ மாணவர்கள், இந்தச் சாதனங்களில் ஆர்வமுள்ள பொறியியல் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எண்கள் நிறையவே வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டரில் முடிவு மாறிவிடும் துறை இது என்பதால் அவற்றைத் தவிர்க்க விரும்பவில்லை.

மகாதமனி வீக்கம் என்றால் என்ன?

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி மார்பைக் கடந்து வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் மட்டத்தை ஒட்டி இரண்டு இடுப்புத் தமனிகளாகப் பிரிகிறது. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே அதன் இயல்பான விட்டம் ஏறக்குறைய 2 செ.மீ. சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் சிதைந்து, அந்த இடம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்துவிட்டால் அதை வீக்கம், அதாவது அனியூரிசம் என்கிறோம். புகைப்பழக்கம், முதுமை, குடும்ப வரலாறு ஆகியவை முக்கியக் காரணங்கள். பெண்களைவிட ஆண்களிடம் இது அதிகம். பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இருக்காது. வேறு ஏதோ காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். வெடித்துவிட்டால் பலர் மருத்துவமனை வந்து சேர்வதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள்.

ஸ்டென்ட் கிராஃப்ட் என்ன செய்கிறது?

துணிக் குழாய் ஒன்றும் அதைத் தாங்கும் உலோகச் சட்டகமும் சேர்ந்ததுதான் ஸ்டென்ட் கிராஃப்ட். துணி பெரும்பாலும் நெய்த பாலியஸ்டர் அல்லது விரிவாக்கப்பட்ட பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக். உலோகம் பெரும்பாலும் நிக்கல், டைட்டானியம் கலந்த நைட்டினால். இதைச் சுருக்கி மெல்லிய உறைக்குள் அடைத்து, தொடைத் தமனி வழியாக மேலே கொண்டுபோய், வீக்கத்துக்கு மேலும் கீழும் உள்ள நல்ல பகுதிகளில் விரியச் செய்கிறார்கள். அதன்பின் ரத்தம் துணிக் குழாய்க்குள் ஓடும். வீங்கிய பை அழுத்தத்திலிருந்து விடுபடும்.

சோவியத் யூனியனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வோலோதோஸ் 1987-இல் மார்பு மகாதமனியில் இப்படி ஒரு சாதனத்தைப் பொருத்தினார். புவனஸ் அயர்ஸில் குவான் பரோதி 1990 செப்டம்பரில் வயிற்று மகாதமனியில் அதைச் செய்தார். பரோதியின் முதல் சாதனம் கிளை இல்லாத நேர்க்குழாய். மகாதமனி பிரியும் இடத்துக்கு முன்னால், வீக்கத்துக்குக் கீழே, குழாயின் அடிமுனை பிடித்துக்கொள்ள ஆரோக்கியமான பகுதி வேண்டும் என்று அந்த வடிவம் எதிர்பார்த்தது. நோயாளிகளின் படங்களை அளந்து பார்த்தபோது, அப்படி ஒரு பகுதி பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்பது தெரியவந்தது. வீக்கம் பிரிவு வரைக்கும், சிலருக்கு இடுப்புத் தமனிக்குள்ளும் இறங்கியிருந்தது. இன்று நாம் பார்க்கும் இரு கால் கொண்ட கிராஃப்ட் அங்கிருந்து பிறந்ததுதான். வடிவத்தை அளந்தது சாதனத்தை மாற்றியதற்கு முதல் உதாரணமாக இதைத்தான் நான் சொல்வேன்.

அதிகபட்ச விட்டம் தெரிந்தால் போதாதா? மருத்துவரும் அதைத்தானே சொல்கிறார்?

யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்பதை முடிவு செய்ய, ஆம், இன்றும் அந்த ஒரு எண்ணைத்தான் நம்பியிருக்கிறோம். பொதுவாக ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. இந்த எல்லைக்குப் பின்னால் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. 4 முதல் 5.5 செ.மீ. வரை உள்ள வீக்கங்களை உடனே அறுவை செய்வதால், கண்காணித்து வருவதைவிட ஆயுள் கூடுவதில்லை என்று 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வும் 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வும் காட்டின.

ஆனால் ஸ்டென்ட் கிராஃப்ட் அந்த அதிகபட்ச விட்டத்தில் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. அங்கே அது பைக்குள் உறைந்து படிந்த ரத்தக்கட்டிக்கு நடுவில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பிடிமானம் மேலே உள்ள கழுத்திலும் (வீக்கம் தொடங்குவதற்கு முன்னால் உள்ள நல்ல பகுதி) கீழே இடுப்புத் தமனிகளிலும் இருக்கிறது. 6 செ.மீ. வீக்கமுள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கழுத்து 25 மி.மீ. நீளம், நேராக, உருளை போல இருக்கிறது. இன்னொருவருக்கு 7 மி.மீ. நீளம்தான், அதுவும் கீழே போகப் போக விரிகிறது. அறிக்கையில் இருவருக்கும் ஒரே எண்தான் எழுதப்பட்டிருக்கும். சாதனத்தைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். அறிக்கையின் முதல் வரியில் விட்டம் வருவது சரி. அதோடு அறிக்கை முடிந்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அப்படியானால் எவற்றையெல்லாம் அளக்கிறார்கள்?

முதலில் கழுத்து, அதாவது கீழே உள்ள சிறுநீரகத் தமனிக்கும் வீக்கம் தொடங்கும் இடத்துக்கும் இடைப்பட்ட பகுதி. அதன் நீளம், தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் விட்டம், மேல் மகாதமனியோடும் வீக்கத்தோடும் அது செய்யும் கோணங்கள், உள்சுவரில் எத்தனை பங்கு ரத்தக்கட்டியோ சுண்ணாம்புப் படிவோ இருக்கிறது என்பவை எல்லாம் வேண்டும். அடுத்தது நீளங்கள்: சிறுநீரகத் தமனியிலிருந்து பிரிவு வரை, பிரிவிலிருந்து உட்புற இடுப்புத் தமனி தொடங்கும் இடம் வரை, இரண்டு பக்கமும். பிறகு சாதனம் ஏறிவரும் பாதையான வெளிப்புற இடுப்புத் தமனியின் உள்விட்டம், அதன் நெளிவு. பிரிவின் உள்விட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே இடம் குறுகலாக இருந்தால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நசுக்கும்.

ஆய்வுக்காக அளப்பவர்கள் இதற்கு மேலும் போவார்கள். வீக்கத்தின் மொத்தக் கொள்ளளவு, ரத்தக்கட்டியின் கொள்ளளவு, பை முன்புறமாக எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற சமச்சீரின்மை, நெளிவுக் குறியீடு ஆகியவை அதில் அடங்கும். நெளிவுக் குறியீடு எளிய கணக்குதான். இரண்டு புள்ளிகளுக்கு இடையே தமனியின் நடுக்கோட்டு நீளத்தை அவற்றுக்கு இடையேயான நேர்த்தூரத்தால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் தமனி நேராக இருக்கிறது. கூடக்கூட நெளிவு அதிகம்.

சி.டி. படத்தில் நேரடியாக ஒரு கோடு இழுத்து அளந்தால் என்ன தவறு?

சி.டி. ஸ்கேன் உடலைக் குறுக்காக வெட்டிய படங்களைத் தருகிறது. மகாதமனியோ நேராக நிற்பதில்லை. வீக்கம் வளர வளர அது பக்கவாட்டில் சாய்கிறது, முன்னே தள்ளுகிறது. மூங்கிலைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக வருமல்லவா, அதே கதைதான் இங்கும்.

கணக்கைப் பாருங்கள். கழுத்தின் உண்மையான விட்டம் 22 மி.மீ. அது 30 டிகிரி சாய்ந்திருந்தால் குறுக்குப் படத்தில் நீண்ட அச்சு 25 மி.மீ. தாண்டிவிடும். 45 டிகிரி என்றால் 31 மி.மீ. 60 டிகிரி என்றால் 44 மி.மீ., அதாவது சரியாக இரண்டு மடங்கு. 45 டிகிரியில் கிடைத்த 31 என்ற எண்ணை நம்பி சாதனம் தேர்ந்தெடுத்தால், 36 மி.மீ. குழாய் ஒன்றை 22 மி.மீ. துளைக்குள் திணிப்பதாக ஆகும். துணி மடிந்து நீளவாக்கில் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் வழியே ரத்தம் பைக்குள் கசியும். குறுகிய அச்சை மட்டும் எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்பார்கள். கழுத்தே நீள்வட்டமாக இருக்கும் நோயாளியிடம் அந்த உபாயமும் கைகொடுக்காது.

எனவே தமனியின் நடுக்கோட்டை முதலில் வரைந்து, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டிய தளத்தில்தான் விட்டத்தை அளக்க வேண்டும். நீளத்தையும் நடுக்கோட்டின் வழியேதான் அளக்க வேண்டும்.

நடுக்கோடு எப்படிக் கிடைக்கிறது?

ரத்தம் ஓடும் பாதையைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் சிரை வழியாகச் செலுத்தி, 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளாக எடுத்த சி.டி. ஆஞ்சியோகிராம் தேவை. 5 மி.மீ. தடிமனில் எடுத்த படத்தில் 10 மி.மீ. கழுத்து இரண்டே துண்டுகளில் முடிந்துவிடும். அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கான்ட்ராஸ்ட் நிறைந்த பகுதியை மென்பொருள் பிரித்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் அதன் மையத்தைக் கண்டு இணைக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மென்பொருள் வரைவது ரத்தம் ஓடும் பாதையின் நடுக்கோடு. கிராஃப்ட் அந்தப் பாதையில்தான் படுக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. பெரிய பைக்குள் அது உள்வளைவை ஒட்டிக் குறுக்கு வழியில் போகலாம், அல்லது ரத்தக்கட்டியின் மேல் சாய்ந்து வெளிவளைவை ஒட்டிப் போகலாம். சிகிச்சையின்போது செலுத்தும் விறைப்பான வயரும் நெளிந்த இடுப்புத் தமனியை நிமிர்த்திவிடும். திட்டமிட்ட நீளத்துக்கும் உள்ளே தேவைப்படும் நீளத்துக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வருவதற்கு இவைதான் காரணம். அனுபவமுள்ளவர்கள் கால் பகுதியை ஒரே நீளத்தில் தீர்மானிக்காமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இரு துண்டுகளாகத் திட்டமிட்டு இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிறார்கள்.

கழுத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மேல்முனை அங்கேதான் அடைத்துக்கொள்ள வேண்டும். அந்த அடைப்பு விட்டுப்போனால் முழு ரத்த அழுத்தமும் மீண்டும் பைக்குள் இறங்கும். மருத்துவர்கள் இதை முதல் வகைக் கசிவு என்பார்கள். உடனே சரிசெய்ய வேண்டிய கசிவு அது.

பெரும்பாலான சாதனங்களுக்குத் தயாரிப்பாளர் விதிக்கும் எல்லைகள் இந்த அளவில் இருக்கும்: கழுத்தின் நீளம் குறைந்தது 10 அல்லது 15 மி.மீ., விட்டம் ஏறக்குறைய 18 முதல் 32 மி.மீ., கோணம் 60 டிகிரிக்குள். சாதனத்தின் விட்டத்தைக் கழுத்தைவிட 10 முதல் 20 சதவீதம் வரை பெரிதாகத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கூடுதல் அளவுதான் சுவரை வெளிநோக்கி அழுத்திப் பிடிமானம் தருகிறது. குறைந்தால் நழுவும். மிகவும் கூடினால் துணி மடியும், கழுத்துச் சுவரும் ஓயாமல் விரிந்துகொண்டே போகும் அபாயம் உண்டு.

கூம்பு வடிவக் கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகத் தமனிக்குக் கீழே 22 மி.மீ., 15 மி.மீ. கீழே 27 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் அளவுக்கு ஏற்ப 26 மி.மீ. சாதனம் எடுத்தால் கீழ்ப்பகுதி சுவரைத் தொடவே தொடாது. கீழ் அளவுக்கு ஏற்ப 32 எடுத்தால் மேலே 45 சதவீதம் பெரிதாகிவிடும். எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் உண்மையில் அடைபடும் நீளம் காகிதத்தில் உள்ள 15 மி.மீ. ஆகாது. கழுத்துக்கு ஒரே ஒரு விட்டத்தைக் குறித்து அனுப்பும் அறிக்கையில் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 5 மி.மீ. இடைவெளியில் விட்டங்களை வரிசையாக எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வளைவு அதிகமாக இருந்தால் கிராஃப்ட் நழுவுமா?

நழுவக்கூடும். காரணத்தை எளிய கணக்கிலேயே பார்க்கலாம். ரத்த அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் என்பது ஏறக்குறைய 16 கிலோபாஸ்கல். 24 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 4.5 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 7 நியூட்டனுக்குச் சற்று மேல் வரும். குழாய் வளையும் இடத்தில் இந்த விசை திசை மாற வேண்டும். அந்த மாற்றத்தைக் குழாயே தாங்கியாக வேண்டும். வளைவு 60 டிகிரி என்றால் பக்கவாட்டில் ஏறக்குறைய 7 நியூட்டன், 90 டிகிரி என்றால் 10 நியூட்டன், அதாவது ஒரு கிலோ எடை தொங்குவதற்குச் சமம். ரத்தம் பாயும் வேகத்தால் வரும் விசை இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நழுவுவதற்குக் காரணம் ஓட்டத்தின் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அழுத்தமும் வளைவும்தான்.

இந்த இழுப்பு ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை நிகழ்கிறது. எனவே சாதனங்களைச் சோதனைக் கூடத்தில் 10 ஆண்டு இதயத் துடிப்புக்கு ஈடாக, ஏறக்குறைய 40 கோடி சுழற்சிகளுக்கு உட்படுத்துகிறார்கள். கொக்கிகள், சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே ஏறி நிற்கும் துணியற்ற ஸ்டென்ட் ஆகியவை இந்த விசைக்கு எதிராகச் சேர்க்கப்பட்டவை. நெளிந்த கழுத்துக்கென்றே, இசட் வடிவ ஸ்டென்ட்டுக்குப் பதிலாக நைட்டினால் வளையங்களை வரிசையாகத் தைத்து வடிவமைக்கப்பட்ட ஏஆர்ஃபிக்ஸ் என்ற சாதனம் 90 டிகிரி வரையிலான கழுத்துக்கு 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோண அளவுகள் கையில் இல்லாமல் அப்படி ஒன்றை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒரே நோயாளிக்கு இரண்டு மையங்கள் இரண்டு அளவு சொல்கின்றன. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். சுவரின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளப்பவர்களும் உண்டு, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை அளப்பவர்களும் உண்டு. சுவர் 1.5 மி.மீ. தடிமன் என்றாலே வித்தியாசம் 3 மி.மீ. ஆகிவிடும். சாதனத்தின் அளவு ஒவ்வொன்றும் 2 மி.மீ. படியில் வரும்போது, 3 மி.மீ. என்பது ஒன்றரைப் படி. தயாரிப்பாளரின் அட்டவணை எந்த விளிம்பை வைத்துப் போடப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டு அளப்பது மிக அவசியம்.

இதயம் துடிக்கும்போது கழுத்தின் விட்டமும் ஒன்று அல்லது இரண்டு மி.மீ. கூடிக் குறையும். வெடித்து ரத்தம் இழந்த நோயாளியிடம் அழுத்தம் குறைந்து தமனியே சுருங்கியிருக்கும். அந்த நிலையில் எடுத்த படத்தை அப்படியே நம்பினால் சாதனம் சிறியதாகப் போய்விடும்.

அல்ட்ராசவுண்ட் போதாதா?

கண்டுபிடிக்கவும் வளர்ச்சியைக் கண்காணிக்கவும் போதும். கதிர்வீச்சு இல்லை, கான்ட்ராஸ்ட் இல்லை. பிரிட்டனில் 65 வயது ஆண்களுக்கு நடக்கும் பொதுப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டில்தான் நடக்கிறது. சாதனத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் சி.டி. ஆஞ்சியோ வேண்டும்.

இந்த அளவுகளை வடிவமைப்பாளர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

மூன்று வழிகளில். முதலாவது, அளவு அட்டவணை. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கழுத்து விட்டங்களையும் நீளங்களையும் ஒரு வரைபடத்தில் இட்டால் புள்ளிகள் எங்கே அடர்ந்திருக்கின்றன, எங்கே சிதறியிருக்கின்றன என்பது தெரியும். எத்தனை விட்டங்களில், எத்தனை நீளங்களில் தயாரித்தால் எவ்வளவு பேரை உள்ளடக்கலாம் என்பதை அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். இதில் அளவுகளைத் தனித்தனியாகப் பார்ப்பது பெரிய பிழை. சராசரி விட்டம், சராசரி நீளம், சராசரி கோணம் மூன்றும் ஒருங்கே அமைந்த நோயாளி அபூர்வம். குட்டைக் கழுத்து கோணத்தோடும், பெரிய வீக்கம் நெளிவோடும் சேர்ந்தே வருகின்றன. அளவுகள் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதைத்தான் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, முழு வடிவத்தின் புள்ளியியல். பல நோயாளிகளின் மகாதமனிகளை முப்பரிமாணத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அவை எந்தெந்தத் திசைகளில் வேறுபடுகின்றன என்பதை முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற கணித முறையால் பிரிக்கிறார்கள். ஒரு கூறு மொத்தப் பருமனைச் சொல்லும், அடுத்தது வளைவைச் சொல்லும், இன்னொன்று பையின் சாய்வைச் சொல்லும். இவற்றைக் கலந்தால் எந்த ஒரு நோயாளியுடையதும் அல்லாத, ஆனால் நம்பத் தகுந்த புதிய வடிவங்களை உருவாக்க முடியும். ஒரு சாதனத்தைக் கணினியில் இப்படிப்பட்ட ஆயிரம் மகாதமனிகளில் பொருத்திப் பார்க்கலாம்.

மூன்றாவது, சோதனைக் கூட மாதிரிகள். நேரான கண்ணாடிக் குழாயில் எந்தக் கிராஃப்ட்டும் அழகாகவே நிற்கும். கோணமும் கூம்பும் உள்ள சிலிக்கோன் மாதிரியில், துடிக்கும் அழுத்தத்தின் கீழ் வைத்தால்தான் அதன் குறை வெளிப்படும். முப்பரிமாண அச்சு வந்தபின் நோயாளியின் சி.டி. படத்திலிருந்தே இத்தகைய மாதிரியைச் செய்ய முடிகிறது.

பெண்களுக்கு இந்தச் சாதனங்கள் அதிகம் பொருந்துவதில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை, வருத்தத்துக்குரிய உண்மை. பெண்களின் கழுத்து சராசரியாகக் குட்டையாகவும் கோணம் கூடியதாகவும் இருக்கிறது. இடுப்புத் தமனிகள் மெலிந்தவை. ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், எனவே சாதனங்களின் எல்லைகளும் ஆண்களின் உடலைச் சுற்றியே அமைந்துவிட்டன. சிறிய உடலில் 5 செ.மீ. வீக்கம் என்பது ஒப்பளவில் பெரியது என்பதையும் மறக்கக் கூடாது.

இதில் மாற்றம் வந்ததற்குக் காரணம் உறையின் தடிமன் குறைந்ததுதான். உறையின் அளவைப் பிரெஞ்ச் என்ற அலகில் சொல்வார்கள். 3 பிரெஞ்ச் என்பது 1 மி.மீ. 24 பிரெஞ்ச் உறை 8 மி.மீ. விட்டம். 5.5 மி.மீ. உள்விட்டம் உள்ள இடுப்புத் தமனியில் அதைச் செலுத்தினால் தமனி கிழியும். 14 பிரெஞ்ச் உறை என்றால் 4.7 மி.மீ., அதே தமனியில் போய்விடும். இடுப்புத் தமனியின் விட்டங்களை ஆண், பெண் என்று பிரித்து வெளியிட்ட ஆய்வுகள் இந்த மெலிவுக்கு நேரடியான அழுத்தம் தந்தன. ஆண் பெண் இருவரையும் ஒரே சராசரியில் கலந்து வெளியிடும் அளவுகளால் வடிவமைப்பாளருக்கு எந்தப் பயனும் இல்லை.

கழுத்தே இல்லாதவர்களுக்கு வழி உண்டா?

உண்டு. துளையிட்ட கிராஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. அடைப்பைச் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே கொண்டுபோய், அந்தத் தமனிகளுக்கு ரத்தம் போகத் துணியில் துளைகள் விடுகிறார்கள். துளைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகக் குறிக்கப்படுவதால் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

வடிவ அளவீடு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. கிளைத் தமனி எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதைக் கடிகார முள்ளின் நிலையாகக் குறிப்பார்கள். உடலின் முன்புறம் 12 மணி. 24 மி.மீ. மகாதமனியின் சுற்றளவு 75 மி.மீ. எனவே ஒரு மணி என்பது 6.3 மி.மீ., அரை மணி 3 மி.மீ.க்குச் சற்று மேல். சிறுநீரகத் தமனியின் விட்டமே 5, 6 மி.மீ.தான். அளப்பவர் அரை மணி தவறினால் துளை விலகி, துணி பாதித் தமனியை மூடிவிடும்! அளவைச் சுற்றுவட்டத் தூரமாகச் சொல்லாமல் கோணமாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சாதனத்தின் விட்டம் 28 மி.மீ. என்றால் அதில் ஒரு மணி 7.3 மி.மீ. ஆகிவிடும். தூரத்தை அப்படியே எடுத்துத் துணியில் குறித்தால் துளை இடம் மாறிவிடும்.

பொருத்திய பிறகும் அளக்க வேண்டுமா?

கட்டாயம், வாழ்நாள் முழுவதும். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் முதல் மாதத்தில் ஸ்டென்ட் கிராஃப்ட் தெளிவாக மேலானது. பிரிட்டனில் நடந்த ஈவார் 1 ஆய்வில் 30 நாள் இறப்பு விகிதம் 1.7 சதவீதம், திறந்த அறுவையில் 4.7 சதவீதம். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அனுகூலம் மங்கியது. 8 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்த அறுவை செய்துகொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். பிற்காலத்தில் பை வெடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. சிகிச்சை வெற்றி பெற்றால் பை சுருங்கும். அது நீளவாக்கிலும் சுருங்கும்போது கிராஃப்ட் மடங்கலாம், இணைத்த கால் கழன்றுவிடலாம். ஆரம்பகாலச் சாதனங்கள் சில இப்படித்தான் பழுதாயின. மறுபக்கம், கழுத்து விரிந்து பிடிமானம் மெல்ல மெல்லக் குறையலாம். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் எடுக்கும் முதல் சி.டி.யிலேயே கிராஃப்ட் சுவரை எவ்வளவு நீளத்துக்கு முழு வட்டமாகத் தொட்டிருக்கிறது என்பதை அளந்து குறித்து வைத்தால், அடுத்தடுத்த படங்களில் அந்த நீளம் குறைவதைக் கசிவு வருவதற்கு முன்பே பார்த்துவிடலாம். இதைச் செய்ய கூடுதல் ஸ்கேன் தேவையில்லை. ஏற்கனவே எடுத்த படத்தில் சில நிமிட வேலைதான். இது எல்லா இடத்திலும் வழக்கமாக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தயாரிப்பாளரின் எல்லைகளை மீறிப் பொருத்தினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரை கிராஃப்ட் பொருத்திக்கொண்ட 10,228 பேரின் சி.டி. அளவுகளைத் தொகுத்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. மிகக் கறாரான வரையறைக்குள் அடங்கிய மகாதமனி 42 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. 5 ஆண்டுகளில் 41 சதவீதம் பேருக்குப் பை பெரிதாகியிருந்தது. அறுவையைத் தாங்க முடியாத நோயாளிக்கு வேறு வழி இல்லாமல் எல்லையை மீறுவது புரிந்துகொள்ளக்கூடியது. அந்த முடிவு நோயாளிக்குச் சொல்லப்பட்டு எடுக்கப்பட வேண்டும்.

எது வெடிக்கும் என்பதை வடிவத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு. விட்டம் கூடினால் சுவரின் மேல் இழுவிசை கூடும் என்பது பழைய இயற்பியல். முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் ஏற்றி, சுவரில் எங்கே தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மேல் வரும் விசை) உச்சத்துக்குப் போகிறது என்று பார்க்கும் முறை பல ஆண்டுகளாக ஆய்வில் இருக்கிறது. சுவரின் தடிமனையும் அதன் வலிமையையும் சி.டி.யில் நம்பகமாக அளக்க முடியாததுதான் இதன் தடை. வழிகாட்டு நெறிகள் இன்னும் விட்டத்தையே பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டதா?

படத்தில் தமனியின் விளிம்பை வரைவதில் பெரிய உதவி செய்கிறது. மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடிகிறது. ஆனால் ரத்தக்கட்டியின் வெளிவிளிம்பு பக்கத்தில் உள்ள குடலோடும் சிரையோடும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும் இடங்களிலும், உலோகம் ஒளிரும் இடங்களிலும் அது தடுமாறும். மனிதக் கண் ஒருமுறை பார்க்காத அளவை நான் சாதனத் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன்.

சிகிச்சைக்கு முன் நான் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

என் கழுத்தின் நீளம் என்ன, கோணம் என்ன, அது கூம்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்ந்தெடுத்த சாதனத்தின் எல்லைக்குள் என் அளவுகள் இருக்கின்றனவா, இல்லையென்றால் துளையிட்ட கிராஃப்ட் அல்லது திறந்த அறுவை பற்றி யோசித்தீர்களா என்றும் கேளுங்கள். உட்புற இடுப்புத் தமனி மூடப்படுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். மூடினால் நடக்கும்போது புட்டத்தில் வலி வரலாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குப் படத்தைத் திறந்துவைத்தே பதில் சொல்வார்.

என் ஸ்கேன் படங்கள் ஆய்வுக்குப் பயன்படுமா?

பயன்படும். பெயரும் பிற அடையாளங்களும் நீக்கப்படும் என்ற எழுத்துபூர்வ உறுதியும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புதல் தரலாம். வழக்கத்துக்கு மாறான வடிவம் உங்களுடையது என்றால் இன்னும் அதிகம் தேவைப்படும். ஸ்டென்ட் கிராஃப்ட் பொருந்தாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் படங்கள் பெரும்பாலும் எந்தத் தொகுப்பிலும் சேர்வதில்லை. அடுத்த சாதனம் அவர்களுக்குப் பொருந்த வேண்டுமானால் முதலில் அளக்கப்பட வேண்டியவை அந்தப் படங்கள்தான். படத்தின் நகலைக் குறுந்தகட்டிலோ வேறு மின்வடிவிலோ கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். அச்சிட்ட ஃபிலிமிலிருந்து நடுக்கோடு வரைய முடியாது.